12 மாதம், 12 சவால், 10 லட்சம் ரூபாய்: நம் ஊரில் எடுபடுமா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வரும் பிப்ரவரியில் உங்களுக்கு 40 வயது. அன்றிலிருந்து 12 மாதம், மாதத்துக்கு ஒரு சவால் என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள்: அரை மாரத்தான், 200 கிலோமீட்டர் சைக்கிள், வெள்ளியங்கிரி, முழு மாரத்தான், ஒரு நாள் மௌனம், ஒரு மாதம் சர்க்கரை இல்லாமல், இப்படி. இதை வைத்து, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்காக 10 லட்சம் ரூபாய் திரட்ட நினைக்கிறீர்கள். உங்கள் மனைவியோ 'இவ்வளவு அலைச்சலுக்கு நாமே மாசாமாசம் ஒரு தொகை போட்டுவிடலாமே' என்கிறார். 'இது நம் ஊரில் எடுபடுமா, எப்படித் தொடங்குவது' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் 'நான் ஓடுவதற்கு அடுத்தவர் ஏன் பணம் தர வேண்டும்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அது தெளிந்துவிட்டால் மீதி எல்லாம் ஏற்பாடுதான்.

நான் கோவையில் ஒரு சிறிய அறக்கட்டளையில் 13 வருடமாக நன்கொடைக் கணக்கு பார்க்கிறேன். சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களுக்குத் தங்க இடம், சாப்பாடு, பஸ் செலவு கொடுப்பது எங்கள் வேலை. எங்களுக்காக ஓடியவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள், மலை ஏறியவர்கள் என்று அறுபது பேருக்கு மேல் திரட்டிய கணக்கு என் கையால் பதிவாகியிருக்கிறது. யார் எந்தத் தேதியில் எவ்வளவு கொடுத்தார் என்பது வரிசையாக முன்னால் இருக்கும்போது, ஆர்வத்தில் சொன்ன தொகைக்கும் கடைசியில் வந்து சேர்ந்த தொகைக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும். நான் மருத்துவர் இல்லை, ஆடிட்டரும் இல்லை. கீழே வரி, சட்டம் பற்றிச் சொல்வது எழுதி வைக்கப்பட்ட விதி, அதை நம்பலாம். யார் கொடுப்பார், எப்போது கொடுப்பார் என்று சொல்வதெல்லாம் எங்கள் பதிவேட்டில் பார்த்தது மட்டும். உங்கள் வட்டத்தில் அது மாறலாம்.

முதலில் அந்த ஒரு வரி. நீங்கள் ஓடுவதற்காக யாரும் பணம் தருவதில்லை. அரை மாரத்தான் 21 கிலோமீட்டர், முழு மாரத்தான் 42 கிலோமீட்டர் என்பதுகூடக் கொடுப்பவர்களில் பலருக்குத் தெரியாது. உங்களைத் தெரியும், நீங்கள் கேட்டீர்கள், எதற்கென்று புரிந்தது, அதனால் தருகிறார்கள். சவால் செய்வது இரண்டு வேலை. உங்களுக்குக் கேட்க ஒரு காரணமும் ஒரு தேதியும் கொடுக்கிறது. இவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, தன் பங்குக்கு உடம்பை வருத்திக்கொள்கிறார் என்று எதிரில் இருப்பவருக்குக் காட்டுகிறது. நம் ஊருக்கு இது புதிதே இல்லை. வசதியான வீட்டு அம்மாக்கள்கூட மஞ்சள் துணியோடு வாசலில் வந்து நின்று திருப்பதிக்கு மடிப்பிச்சை கேட்பதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். பயணத்துக்குக் காசில்லாமலா கேட்டார்கள்? தன் வேண்டுதலில் நாலு வீட்டுக்கும் பங்கு இருக்கட்டும் என்று கேட்டார்கள். பழனிக்கு நடப்பவருக்கு வழியில் மோரும் சாப்பாடும் கொடுப்பவர்கள் எத்தனை கிலோமீட்டர் நடந்தீர்கள் என்று கணக்குப் பார்ப்பதில்லை. நீங்கள் செய்யப்போவது அந்த வரிசையில் வருவதுதான். கூச்சப்பட ஒன்றுமில்லை.

கனடாவின் டெரி ஃபாக்ஸ் கதையில் இது அப்படியே தெரியும். எலும்புப் புற்றுநோயால் 1977ல், 18 வயதில், அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். நாளுக்கு ஏறக்குறைய ஒரு முழு மாரத்தான் தூரம். கனடாவில் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. ஆரம்பத்தில் பல ஊர்களில் அவரைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. போர்ட் ஓ பாஸ்க் என்ற சின்ன ஊர் மட்டும் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது; அந்த ஊரின் மக்கள்தொகையே சுமார் 10,000தான். பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் அவர் எதற்காக ஓடுகிறார் என்பது சரியாகப் போய்ச் சேரவில்லை. ஒன்டாரியோவுக்குள் நுழைந்த பிறகு சாலை இருபுறமும் ஜனம் நின்றது. அதே கால், அதே ஓட்டம். செய்தி போய்ச் சேர்ந்த இடத்தில் பணம் வந்தது, சேராத இடத்தில் வரவில்லை.

இனி உங்கள் தொடர் சவாலுக்கு வருகிறேன். தனியாக ஒரு ஓட்டம் என்றால் ஒருமுறைதான் கேட்கலாம். தொடர் என்றால் ஒவ்வொரு மாதமும் திரும்ப வர ஒரு காரணம் இருக்கிறது. அதுதான் அதன் பலம். பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது: அதே ஆளிடமே திரும்ப வந்தால், மூன்றாம் மாதம் அவர் உங்கள் செய்தியைத் திறக்கவே மாட்டார். எங்களுக்காகத் தொடராகச் செய்தவர்களின் வரவை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிறது. முதல் மாதம் கொட்டும், கடைசி மாதம் ஓரளவு வரும், நடுவில் பெரிய பள்ளம். உடம்பு களைப்பதற்கு முன்பே கேட்கிற வாய் களைத்துவிடுகிறது. ஓட்டத்துக்கு 16 வாரப் பயிற்சி அட்டவணை போட்டவர்கள், யாரிடம் எப்போது கேட்பது என்பதற்கு ஒரு தாள்கூட எழுதியிருக்க மாட்டார்கள். நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில் முக்கியமானது இந்த ஒன்றுதான்: ஒவ்வொரு சவாலுக்கும் ஒரு தனி வட்டத்தை ஒதுக்குங்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆசிரியை இதைச் செய்த விதத்தை நான் மறக்கவே மாட்டேன். கொரோனாவுக்கு முந்தைய வருடம். எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் நீளமான ஒரு நோட்டு வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் அவர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவின் மொய் நோட்டு. ஊர்வாரியாகப் பெயர்கள், பக்கத்தில் 101, 201, 501. 'எனக்கு யாரெல்லாம் செய்வாங்கன்னு இதைவிட வேற எதுல தெரியும்' என்றார். அதைப் பார்த்துப் புது நோட்டில் நான்கு பகுதி பிரித்திருந்தார். 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சொந்தபந்தம். 100 கிலோமீட்டர் சைக்கிளுக்கு அவரிடம் படித்துவிட்டு இப்போது வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள். வெள்ளியங்கிரிக்கு அவர் கணவரின் அலுவலகம். அரை மாரத்தானுக்கு அவர் தெருவும் கடைவீதியும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மூன்று கட்டம்: கேட்ட தேதி, கொடுத்த தொகை, முடித்தபின் சொன்னேனா. அந்த மூன்றாவது கட்டத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஓடி முடித்த அன்று சாயங்காலமே கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, 'உங்க பேரைச் சொல்லி முடிச்சிட்டேன்' என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். மேற்கொண்டு ஒரு ரூபாய் கேட்கமாட்டார். அவர்களில் பலர் தாங்களாகவே தங்கள் தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆள் பிடித்துக் கொடுத்தார்கள். அந்த வருடம் அவருடைய கணக்கில் மட்டும் நடுவில் பள்ளமே விழவில்லை.

மொய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைப்பார்கள். அங்கே வந்த பணம் திரும்பச் செய்ய வேண்டிய கடன். நன்கொடை அப்படி இல்லைதான். ஆனால் நம் ஆட்கள் மனதில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. உங்கள் ஓட்டத்துக்கு 1,000 ரூபாய் கொடுத்த நண்பர், அடுத்த வருடம் அவர் ஊர்ப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்க உங்களிடம் வருவார். வரட்டும். அதற்கென்று இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

10 லட்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்களுக்கு வருவதில் அதிகம் 500, 1,000, 2,000 ரூபாய்த் தொகைகள்தான். ஒருவருக்குச் சராசரி 1,500 என்று வைத்தால் 10 லட்சத்துக்கு 667 பேர் கொடுக்க வேண்டும். கேட்ட மூன்று பேரில் ஒருவர் கொடுப்பார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 2,000 பேரிடம் கேட்க வேண்டியிருக்கும். அதாவது வருடம் முழுக்க, ஒரு நாள் விடாமல், தினமும் ஐந்தாறு பேர். வேலை, குடும்பம், பயிற்சி எல்லாவற்றோடும் இது முடியுமா என்று நேர்மையாக யோசியுங்கள். என் யோசனை, 4 லட்சத்தில் தொடங்குங்கள். பாதி வருடத்தில் எட்டிவிட்டால் உயர்த்திக்கொள்ளலாம். உயர்த்துவதே ஒரு செய்தி. 10 லட்சம் என்று போட்டுவிட்டு ஆறு மாதமாக 11 சதவீதத்தில் நிற்கும் நன்கொடை இணையப் பக்கத்தைப் பார்ப்பவர் 'என் 500 ரூபாயில் என்ன ஆகப்போகிறது' என்று மூடிவிடுவார். உங்கள் அலுவலகத்தில் ஹெச்.ஆர். பிரிவிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊழியர் திரட்டும் தொகைக்குச் சமமாகத் தாங்களும் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அப்படிக் கிடைத்தால் உங்கள் வேலை பாதியாகும்.

கேட்பது எப்படி? வாட்ஸ்அப் குழுவில் போடும் பொதுச் செய்திக்குக் கும்பிடு போடும் கைகள் நிறைய வரும், பணம் வராது. தனித்தனியாக, பெயர் சொல்லி, தொகை சொல்லி, தேதி சொல்லிக் கேட்க வேண்டும். 'செந்தில், வர்ற 14ஆம் தேதி 21 கிலோமீட்டர் ஓடுறேன். சிகிச்சைக்கு வர்ற குழந்தையும் அம்மாவும் ஒரு வாரம் தங்கிச் சாப்பிட இவ்வளவு ஆகும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அதுல ஒரு நாளை நீ ஏத்துக்கிறியா? பணம் நேரா அறக்கட்டளைக்குப் போயிடும், ரசீது உன் பேர்ல வரும்.' இவ்வளவு போதும். 'உன்னால் முடிந்ததைக் கொடு' என்று விட்டுவிட்டால் எவ்வளவு கொடுத்தால் மரியாதை என்று தெரியாமலே பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஒருமுறை நினைவூட்டலாம். இரண்டாம் முறை வேண்டாம்.

சவால்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். 12 அதிகம். மௌன விரதமும் சர்க்கரை விலக்கும் உங்களுக்கு நல்லது, ஆனால் அதற்கு யாரும் தேதி குறித்து வந்து கைதட்ட முடியாது. நான்கோ ஐந்தோ போதும், ஒன்றைவிட அடுத்தது கடினமாக ஏறிக்கொண்டே போக வேண்டும். சைக்கிள்காரர்களிடம் இதற்குத் தயாராக ஒரு வரிசை இருக்கிறது. பிரெவே என்ற நெடுந்தூரப் பயணங்களில் 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில், 300ஐ 20 மணி நேரத்தில், 400ஐ 27 மணி நேரத்தில், 600ஐ 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஒரே பருவத்தில் நான்கையும் முடித்தவரை சூப்பர் ராண்டனூர் என்பார்கள். பார்ப்பவருக்கு அந்தப் படிக்கட்டு உடனே புரிகிறது. ஓட்டம்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் 10 கிலோமீட்டரில் தொடங்கி, டிசம்பரில் கோவை மாரத்தானில் அரை, ஜனவரியில் சென்னையில் முழு என்று போகலாம். கோவை மாரத்தான் 2013ல் தொடங்கியதிலிருந்தே கோயமுத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடப்பது. உங்கள் நோக்கத்துக்கு மிகவும் பொருந்தும்.

எண்ணுக்கும் காரணத்துக்கும் ஒரு தொடர்பு இருந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தில் கெவின் சின்ஃபீல்ட் என்ற ரக்பி வீரர், தன்னோடு லீட்ஸ் ரைனோஸ் அணியில் ஆடிய நண்பர் ராப் பரோவுக்கு நரம்புச் சிதைவு நோய் வந்தபோது, 2020 டிசம்பரில் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். நண்பரின் சட்டை எண் 7. வைத்த இலக்கு 77,777 பவுண்டு. வந்தது 20 லட்சம் பவுண்டுக்கு மேல். அடுத்த வருடம் 24 மணி நேரத்தில் லெஸ்டரிலிருந்து லீட்ஸுக்கு 101 மைல், அதற்கடுத்த வருடம் ஏழு நாளில் எடின்பரோவிலிருந்து மான்செஸ்டர். ஒவ்வொரு முறையும் வேறு ஊர்கள், வேறு மனிதர்கள். காரணம் மட்டும் மாறவில்லை. உங்கள் மனதில் ஒரு குழந்தை, ஒரு வார்டு, ஒரு வருடம் இருக்கிறதா என்று யோசியுங்கள். அந்த எண் அதிலிருந்து வரட்டும்.

நம் மொழி பேசும் மண்ணிலும் பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 2011 ஜூலையில் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டரை ஒரு குழுவினர் 27 நாளில் நடந்தார்கள். யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காக. சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் வழியில் சேர்ந்து நடந்தார்கள். போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 20 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்து, மருத்துவமனையும் எழும்பியது. 2016ல் அதே பாதையை வடக்கிலிருந்து தெற்காக நடந்து காலி கராப்பிட்டிய மருத்துவமனைக்குத் திரட்டினார்கள். மற்றவர்களும் ஒரு நாள் கூட நடக்கலாம் என்று வழி விட்டதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வேன். உங்கள் சவால்களில் ஒன்றையாவது அப்படி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 5 கிலோமீட்டர் நடை, பாட்டியும் பேரனும் வரலாம். வந்து நடந்தவர் உங்களுக்காகக் கேட்க ஆரம்பித்துவிடுவார்.

பணம் எதற்கு என்பதில் கொஞ்ச நேரம் செலவழியுங்கள். 'குழந்தைகளின் புற்றுநோய்க்கு' என்பது மிகவும் அகலம். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நீளும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. ஆனால் தருமபுரியிலிருந்து வரும் தாய்க்கு பஸ் காசும், வாரக்கணக்கில் தங்கும் வாடகையும், அப்பா இழக்கும் தினக்கூலியும் அதில் வராது. குணமாகக்கூடிய குழந்தையைப் பாதிச் சிகிச்சையில் ஊருக்குத் திருப்பிக் கூட்டிப் போய்விடுவது இந்தச் செலவுகளால் நடக்கிறது. எங்கள் அறையில் தங்கியிருந்த ஒரு அம்மா, பையனுக்கு மூன்றாவது சுற்று மருந்து முடிந்த கையோடு துணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஊரில் இன்னொரு பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, கையில் 140 ரூபாய்தான் இருந்தது. அடுத்த தேதிக்குத் திரும்பி வரும் டிக்கெட்டை அன்றே எடுத்துக் கொடுத்ததால் வந்தார். அதனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு நேரில் போய், 'காப்பீட்டில் வராத செலவு எது, ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு' என்று கேட்டு, அந்த எண்ணை வைத்துத் திரட்டுங்கள். ஒன்று மட்டும்: குழந்தைகளின் படத்தைப் போடாதீர்கள். முடி கொட்டிய தலையைக் காட்டினால் பணம் வரும், எனக்குத் தெரியும். அந்தப் பையனுக்கு 20 வயதாகும்போது அந்தப் படம் இணையத்தில் இருக்கக் கூடாது.

அப்புறம் பணம் போகும் வழி. இதில் தயவுசெய்து சமரசம் வேண்டாம்: ஒரு ரூபாய்கூட உங்கள் ஜிபேக்கு வரக் கூடாது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் உங்கள் கணக்கில் வந்தால் அந்த முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படலாம். நீங்கள் வாங்கி மொத்தமாகக் கட்டினால் ரசீதும் உங்கள் பெயரில்தான் வரும். கொடுத்தவருக்கு '80ஜி' என்று சொல்லப்படும் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது. அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகட்டும், அல்லது அவர்களே திறந்து கொடுக்கும் பக்கம் வழியாகப் போகட்டும். திரட்டும் தளங்களில் கட்டணம் எவ்வளவு, 'டிப்ஸ்' என்று தானாகச் சேர்கிறதா என்பதை ஒரு 100 ரூபாய் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அறக்கட்டளைக்கு 80ஜி பதிவு நடப்பில் இருக்கிறதா, அதற்கான நன்கொடைச் சான்றிதழை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இல்லை, இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்ச்சில் வந்து வருத்தப்பட வைக்காதீர்கள்.

வெளிநாட்டு நண்பர்கள் விஷயம் தனி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், ஆகும். அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர முடியும். டல்லாஸ் சித்தப்பா ஆசையாக அனுப்புகிறேன் என்றால் முதலில் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அறக்கட்டளையின் ஆடிட்டரிடம் கேட்காமல் ஒரு டாலரும் வாங்காதீர்கள்.

ஷூ, பதிவுக் கட்டணம், பயணம் எல்லாம் உங்கள் சொந்தச் செலவு. பக்கத்தின் முதல் பத்தியிலேயே இதை எழுதிவிடுங்கள். கேட்காமல் மனதில் வைத்துக்கொள்ளும் கேள்வி அது. உங்கள் பெயரில் தனி அறக்கட்டளை தொடங்கும் ஆசையும் வரும், வேண்டாம். 2020ல் தன் நூறாவது பிறந்தநாளுக்கு முன் தோட்டத்தில் நூறு சுற்று நடந்த பிரிட்டனின் கேப்டன் டாம் மூரை நினைவிருக்கும். 1,000 பவுண்டு என்று தொடங்கி 3.2 கோடி பவுண்டைத் தாண்டியது. அந்தப் பணம் மருத்துவத் தொண்டு அமைப்புக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. பிறகு அவர் பெயரில் குடும்பத்தினர் நடத்திய தனி அறக்கட்டளையில் சொந்த ஆதாயம் கலந்துவிட்டதாக 2024 நவம்பரில் தொண்டு ஆணையத்தின் விசாரணை சொன்னது. ஊரே கொண்டாடிய நல்ல மனிதரின் பெயருக்கு அப்படியொரு நிழல் விழுந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஏற்கெனவே நன்றாக நடக்கும் இடத்துக்குத் திரட்டிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

உடம்பைப் பற்றி என் எல்லைக்குள் கொஞ்சம். 40 வயதில், இதுவரை பெரிதாக ஓடாதவர், தொடங்கும் முன் ஒரு மருத்துவரைப் பார்த்து இதயத்தையும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். இது சம்பிரதாயம் இல்லை. வெள்ளியங்கிரி வழக்கமாக பிப்ரவரி முதல் மே வரைதான் திறந்திருக்கும். ஏறும்போது மூச்சுத் திணறி இறந்தவர்களின் செய்தி ஏறக்குறைய ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது. ஏழு மலையையும் ஒரே மூச்சில் ஏறி நேரம் காட்ட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டச் சவாலே வைக்காதீர்கள். ஒரு பெரிய சவாலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆறு வாரமாவது விடச் சொல்வேன். கேட்பதற்கும் அந்த இடைவெளி வேண்டும்.

முடிக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். எங்களுக்காக 300 கிலோமீட்டர் மிதிக்கப் போன ஒரு தம்பி, விடியற்காலை மூன்று மணிக்கு ஒட்டன்சத்திரத்துக்கு அருகே ஒரு டீக்கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். முழங்கால் வீங்கி மடக்க முடியவில்லை. 212 கிலோமீட்டர் முடித்திருந்தார். 'எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாமா அண்ணா' என்று அழுதார். பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்த படத்தை அன்று காலையே போடச் சொன்னேன். இவ்வளவு தூரம் வந்தேன், இந்த இடத்தில் நின்றேன், கொடுத்த பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மூன்று வரி. ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. அந்த வாரம் புதிதாகக் கொடுத்தவர்கள்தான் வந்தார்கள். எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று உறுதி சொல்லமாட்டேன். ஆனால் மறைத்தவர்களுக்கு நடந்ததையும் பார்த்திருக்கிறேன். பாதியில் நின்றதைச் சொல்லாமல் முடித்ததாகக் காட்டிக்கொண்ட ஒருவரிடம், உண்மை தெரிந்தபின் அவருடைய நண்பர்களே மறுபடி போனை எடுக்கவில்லை. டெரி ஃபாக்ஸும் முடிக்கவில்லை. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நுரையீரலுக்கு நோய் பரவியதால் செப்டம்பர் 1 அன்று தண்டர் பே அருகே நின்றார். மறு வருடம் பிப்ரவரிக்குள் அவர் கேட்ட ஆளுக்கொரு டாலர், 2.4 கோடி டாலராக வந்து சேர்ந்தது. ஜூன் 28 அன்று இறந்தார். அவர் பெயரிலான ஓட்டம் இன்றும் பல நாடுகளில் நடக்கிறது, சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது.

உங்கள் மனைவி சொன்னது சரிதான். அதையும் செய்யுங்கள். மாசாமாசம் நிச்சயமாக வரும் ஒரு சிறு தொகை எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பலம்; அதை நம்பித்தான் அறை வாடகையே கட்டுகிறோம். உங்கள் பக்கம் திறந்ததும் முதல் நன்கொடை உங்கள் வீட்டிலிருந்து, அவர் பெயரில் விழட்டும். அடுத்து அண்ணன், தங்கை, நெருங்கிய நண்பர்கள் என்று இலக்கில் ஐந்தில் ஒரு பங்கு சேரும் வரை வெளியில் யாருக்கும் இணைப்பை அனுப்பாதீர்கள். பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்தில் முதல் ஆளாகப் போட எல்லாரும் தயங்குவார்கள். இந்த வாரம் அறக்கட்டளைக்கும் மருத்துவருக்கும் நேரம் கேட்டு வையுங்கள். வீட்டில் மொய் நோட்டு எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரிந்திருக்கும். இருவரும் உட்கார்ந்து வட்டங்களைப் பிரியுங்கள். கடைசியில் 'தெரியாதவர்கள்' என்று ஒரு பக்கம் விடுங்கள். இணைப்பு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், நோட்டில் அந்தத் 'தெரியாதவர்கள்' பக்கத்தில் முதல் வரி என்னுடையது.